வெர்னியர் அளவியின் சுழிப்பிழை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒன்பதாம் வகுப்பில் வெர்னியர் அளவியை முதன்முறை கையில் எடுப்பவர், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், பட்டறையில் லேத் பழகுபவர் என யார் வந்தாலும் சந்தேகம் வருவது சுழிப்பிழையில்தான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை இங்கே வைத்திருக்கிறேன். வேறு ஏதும் சொல்லாத இடங்களில் எல்லாம் பள்ளி ஆய்வகத்துக் கருவியையே எடுத்துக்கொள்ளுங்கள்: நகராத முதன்மைக் கோலில் ஒரு பிரிவு 1 மி.மீ., அதன்மேல் நகரும் வெர்னியர் கோலில் 10 பிரிவுகள், அந்தப் பத்தும் சேர்ந்து 9 மி.மீ., மீச்சிற்றளவு (கருவியால் அளக்க முடிகிற மிகச் சிறிய அளவு) 0.01 செ.மீ.

சுழிப்பிழைன்னா என்ன சார்? சிம்பிளா சொல்லுங்க.

பொருளைக் கவ்விப் பிடிக்கும் தாடைகளுக்கு நடுவே எதுவும் வைக்காமல் மூடுங்கள். அளக்க ஒன்றும் இல்லை, அதனால் கருவி 0 காட்ட வேண்டும். அதாவது வெர்னியர் கோலின் சுழிக் கோடும் முதன்மைக் கோலின் சுழிக் கோடும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். அப்படி நிற்காமல் கருவி வேறு ஏதாவது அளவு காட்டினால், அந்த அளவுதான் சுழிப்பிழை.

சுவர்க் கடிகாரத்தை வேண்டுமென்றே ஐந்து நிமிடம் கூட்டி வைக்கிற வீடுகள் உண்டு. அந்த வீட்டுக்காரர்கள் பஸ்ஸைத் தவறவிடுவதில்லை. கடிகாரம் காட்டுவதில் ஐந்தைக் கழிக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். சுழிப்பிழை உள்ள வெர்னியரும் அதே மாதிரிதான். எவ்வளவு, எந்தப் பக்கம் என்று தெரிந்தால் போதும்.

மூடினா பூஜ்யம் வரலைன்னா கருவி கெட்டுப்போச்சுன்னுதானே அர்த்தம்? வேற வாங்கிக்கவா?

இல்லை, முதலில் துடையுங்கள். தாடைக்கு நடுவே ஒரு தூசி, உலோகத் துகள், காய்ந்த எண்ணெய்ப் பிசுக்கு எது இருந்தாலும் தாடை முழுதாக மூடாது. சுத்தமான வெள்ளைத் தாளைத் தாடைகளுக்கு நடுவே வைத்து, லேசாக மூடி, தாளை மெதுவாக உருவி எடுங்கள். தாளில் கறுப்புக் கோடு விழுந்தால் அவ்வளவு நேரமும் அந்த அழுக்கையும் சேர்த்துத்தான் அளந்திருக்கிறீர்கள். இதற்குப் பிறகும் சுழி ஒன்றவில்லை என்றால்தான் அதைச் சுழிப்பிழை என்று குறிக்க வேண்டும்.

அப்புறமும் தூக்கிப் போட வேண்டியதில்லை. பிழையைத் தெரிந்துகொண்டு திருத்தினால் கருவி நன்றாகவே உதவும். தாடையை அரம் போட்டு ராவிச் சரிசெய்கிறேன் என்று மட்டும் இறங்காதீர்கள்.

அளவு எடுக்கறதே குழப்பமா இருக்கு. எந்தக் கோட்டைப் பார்க்கணும்?

இரண்டு கோடுகளைப் பார்க்க வேண்டும். முதலில் வெர்னியர் சுழிக் கோடு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அதற்கு உடனே இடப்பக்கம் இருக்கும் முதன்மைக் கோல் கோடுதான் முதன்மைக் கோல் அளவு. பிறகு, வெர்னியரின் எந்தக் கோடு மேலே உள்ள ஏதாவதொரு கோட்டுடன் நேராக ஒன்றுகிறது என்று தேடுங்கள். அது வெர்னியர் ஒன்றிப்பு. அதை மீச்சிற்றளவால் பெருக்கி முதன்மைக் கோல் அளவுடன் கூட்டினால் கருவி காட்டும் அளவு கிடைக்கும்.

சுழி 2.1 செ.மீ. கோட்டைத் தாண்டி நிற்கிறது, ஒன்றுவது 7-வது கோடு என்றால் 2.1 + 7 × 0.01 = 2.17 செ.மீ. ஒன்றும் கோட்டுக்கு மேலே முதன்மைக் கோலில் என்ன எண் இருக்கிறது என்பது இந்தக் கணக்குக்குத் தேவையே இல்லை. அந்த எண்ணை எழுதி வைப்பவர்கள் நிறையப் பேர். (அந்த எண்ணுக்கு வேறொரு பயன் உண்டு, கீழே வரும்.)

வெர்னியர் பூஜ்யம் வலது பக்கம் தள்ளி நின்னா பிளஸ்ஸா மைனஸா?

நேர்ச் சுழிப்பிழை, அதாவது பிளஸ். ஒன்றும் இல்லாதபோதே கருவி கொஞ்சம் கூடுதலாகக் காட்டுகிறது. 4-வது கோடு ஒன்றினால் சுழிப்பிழை +0.04 செ.மீ. இனி நீங்கள் அளக்கும் எல்லாவற்றிலும் இந்த 0.04 ஒட்டிக்கொண்டு வரும். மேலே கண்ட 2.17 இந்தக் கருவியில் வந்திருந்தால் உண்மையான அளவு 2.17 − 0.04 = 2.13 செ.மீ.

இடது பக்கம் நின்னா ஏன் பத்திலிருந்து கழிக்கணும்? 8-வது கோடு ஒன்றுதுன்னா 0.08 தானே?

எல்லாக் கேள்வியிலும் அதிகம் வருவது இதுதான். வகுப்பில் "எதிர்ச் சுழிப்பிழை என்றால் பத்திலிருந்து கழி" என்று சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். ஏன் என்று சொல்வதில்லை. அதனால் பரீட்சை முடிந்த மறுநாளே மறந்துபோகிறது. உண்மையில் இதற்குத் தனி விதி எதுவும் கிடையாது. முந்தைய கேள்விகளில் அளவெடுத்த அதே முறைதான் இங்கேயும்.

வெர்னியர் சுழி முதன்மைக் கோலின் சுழிக்கு இடப்பக்கம் நிற்கிறது. அதற்கு உடனே இடப்பக்கம் இருக்கும் முதன்மைக் கோல் கோடு எது? கருவியில் பொறிக்கவில்லையே தவிர, பொறித்திருந்தால் அது −1 மி.மீ. கோடாக இருக்கும். ஆக, முதன்மைக் கோல் அளவு −1 மி.மீ., ஒன்றுவது 8-வது கோடு, அதாவது 0.8 மி.மீ. கூட்டினால் −1 + 0.8 = −0.2 மி.மீ. சுழிப்பிழை −0.02 செ.மீ. பத்திலிருந்து எட்டைக் கழித்து மைனஸ் போடும் விதியும் இதே விடையைத்தான் தருகிறது. −1 மி.மீ. என்பது பத்து மீச்சிற்றளவு, அந்தப் பத்துதான் அது.

நம்பிக்கை வரவில்லை என்றால் நேராகவே கணக்குப் போட்டுப் பாருங்கள். வெர்னியரில் ஒரு பிரிவு 0.9 மி.மீ. அதன் 8-வது கோடு வெர்னியர் சுழியிலிருந்து 7.2 மி.மீ. தள்ளி இருக்கிறது. அது மேலே 7 மி.மீ. கோட்டுடன் ஒன்றியிருக்கும். அப்படியானால் வெர்னியர் சுழி நிற்கும் இடம் 7 − 7.2 = −0.2 மி.மீ. "ஒன்றிய முதன்மைக் கோட்டின் அளவிலிருந்து, வெர்னியர் கோட்டின் தூரத்தைக் கழி" என்ற இந்த வழியை நினைவில் வையுங்கள். எந்த விசித்திரமான வெர்னியருக்கும் இது பொருந்தும்.

பிழையைக் கூட்டணுமா கழிக்கணுமா? ஒரு புத்தகத்துல "± சுழித்திருத்தம்"னு இருக்கு, இன்னொண்ணுல "− சுழிப்பிழை"ன்னு இருக்கு.

இரண்டும் ஒன்றுதான். திருத்தம் என்பது பிழையின் குறியை மாற்றிப் போட்டது. பிழை +0.04 என்றால் திருத்தம் −0.04. பிழை −0.02 என்றால் திருத்தம் +0.02.

என்னைக் கேட்டால் அந்த ± குறியை அடித்துவிட்டு ஒரே வரி வைத்துக்கொள்ளலாம்: உண்மை அளவு = கருவி காட்டும் அளவு − சுழிப்பிழை. பிழையை அதன் குறியோடு போட்டால் போதும். முன் கேள்வியில் வந்த −0.02 பிழையுள்ள கருவியில் 2.17 காட்டினால், 2.17 − (−0.02) = 2.19 செ.மீ. விடை வந்ததும் ஒருமுறை யோசித்துப் பாருங்கள். கருவி குறைத்துக் காட்டுகிறது, அதனால் திருத்திய அளவு கூடியிருக்க வேண்டும். கூடியிருக்கிறதா? சரி.

ரெண்டு கோடு ஒரே நேரத்துல ஒன்றுற மாதிரி தெரியுதே, எதை எடுக்கறது?

முதலில் தலையை நேராக்குங்கள். சாய்வாகப் பார்த்தால் பக்கத்துக் கோடு ஒன்றுவது போலத் தெரியும். கோடுகளுக்கு நேர் எதிரே ஒற்றைக் கண்ணால் பாருங்கள். ஆய்வகத்தில் உருப்பெருக்கி இருந்தால் வெட்கப்படாமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றும் கோட்டை மட்டும் முறைத்துப் பார்ப்பதைவிட, அதன் இரு பக்கத்துக் கோடுகளைப் பார்ப்பது எளிது. 6-வது கோடு சரியாக ஒன்றினால், 5-வது கோடு தன் மேல்கோட்டுக்குக் கொஞ்சம் வலமாகவும், 7-வது அதே அளவு இடமாகவும் விலகியிருக்கும். இரண்டும் 6-ஐ நோக்கி ஒருக்களித்தது போல இருக்கும். அந்த விலகல் இருபுறமும் சமமாக இருந்தால் 6-தான் விடை. உண்மையிலேயே இரண்டும் சமமாகத் தெரிந்தால் ஏதாவதொன்றை எடுங்கள். ஒரு மீச்சிற்றளவு அளவுக்கு ஐயம் இந்தக் கருவியில் எப்போதும் உண்டு.

ஆறு தடவை அளந்து சராசரி எடுக்கறோமே, அதுல சுழிப்பிழை கரைஞ்சு போயிடாதா?

போகாது. சராசரி எடுத்தால் குறைவது, ஒரு தடவை கூடவும் ஒரு தடவை குறையவும் வரும் பிழைகள்தான். சுழிப்பிழை ஒவ்வொரு தடவையும் ஒரே பக்கம், ஒரே அளவு வருகிறது. ஆறு தடவை இல்லை, அறுபது தடவை அளந்தாலும் சராசரியில் அது முழுசாக உட்கார்ந்திருக்கும்.

ஒவ்வொரு அளவையும் திருத்திச் சராசரி எடுத்தாலும், சராசரி எடுத்துவிட்டு ஒரே முறை திருத்தினாலும் விடை ஒன்றே. ஆனால் அந்த அளவைக் கொண்டு கனஅளவோ பரப்போ கணக்கிடுவதற்கு முன்பே திருத்திவிட வேண்டும். 1.50 செ.மீ. விட்டமுள்ள உலோகக் குண்டை +0.04 பிழையுள்ள கருவி 1.54 என்று காட்டும். விட்டத்தில் பிழை 2.7 சதவீதம்தான். கனஅளவுக்கு விட்டத்தை மும்மடியாக்குகிறோம் அல்லவா, அங்கே 1.767 கன செ.மீ. இருக்க வேண்டியது 1.912 ஆகிவிடுகிறது. 8 சதவீதத்துக்கு மேல். அதை வைத்து அடர்த்தி கண்டுபிடித்தால் இரும்பு ஏன் இரும்பு மாதிரி இல்லை என்று தலையைச் சொறிய வேண்டிவரும்.

ரெக்கார்டு நோட்டுல எல்லாரும் "சுழிப்பிழை இல்லை"ன்னுதான் எழுதறாங்க. நானும் அப்படியே எழுதிடலாமா?

பார்த்துவிட்டு, இல்லை என்றால் தாராளமாக எழுதலாம். பார்க்காமல் எழுதுவதுதான் தப்பு. ஒரே மேசையில் இருக்கும் நான்கு கருவிகளுக்கு நான்கு விதமான சுழிப்பிழை இருக்கும். பக்கத்துப் பையனின் நோட்டு உங்கள் கருவிக்குப் பொருந்தாது. செய்முறைத் தேர்வுக்கு வருபவர் சட்டென்று தாடையை மூடிக் காட்டச் சொன்னால் மாட்டிக்கொள்வீர்கள்.

இல்லை என்று எப்படி உறுதி செய்வது? சுழிக் கோடு ஒன்றினால் மட்டும் போதாது. வெர்னியரின் 10-வது கோடும் 9 மி.மீ. கோட்டுடன் ஒன்ற வேண்டும். இரண்டும் சேர்ந்து ஒன்றினால்தான் பிழை இல்லை. சுழி ஒன்றி, 10-வது ஒன்றவில்லை என்றால் ஒன்று நீங்கள் சாய்வாகப் பார்க்கிறீர்கள், இல்லை கோடுகள் பொறித்ததே சரியில்லை.

எங்க பட்டறை வெர்னியர்ல 50 கோடு இருக்கு அண்ணா. அதுக்கும் பத்திலிருந்துதான் கழிக்கணுமா?

அதற்கு 50-லிருந்து. அந்த 50 பிரிவுகள் 49 மி.மீ. நீளம். மீச்சிற்றளவு 0.02 மி.மீ. பத்து, ஐம்பது என்று மனப்பாடம் செய்வதைவிட −1 மி.மீ. வழியே மேல். 47-வது கோடு ஒன்றினால் −1 + 47 × 0.02 = −0.06 மி.மீ. அந்த வெர்னியரில் கோடுகளுக்கு 0 முதல் 10 வரை எண் பொறித்திருப்பார்கள். 9 தாண்டி இரண்டாவது கோடு என்றால் 0.94 என்று நேராகவே படித்துவிடலாம், பெருக்கவே வேண்டாம். அதிலிருந்து 1-ஐக் கழியுங்கள்.

பட்டறையில் பெரும்பாலும் எதிர்ச் சுழிப்பிழைதான் பார்ப்பீர்கள். வருடக்கணக்கில் இரும்பில் உரசித் தாடை தேய்கிறது. தேய்ந்த தாடை மூடும்போது கூடுதலாக உள்ளே போகிறது, சுழி இடப்பக்கம் போய்விடுகிறது. திடீரென்று நேர்ச் சுழிப்பிழை முளைத்தால் அழுக்கையோ, கீழே விழுந்து தாடை முனையில் எழும்பிய பிசிறையோ தேடுங்கள்.

டிஜிட்டல்ல ஜீரோ பட்டன் இருக்கே, அப்போ சுழிப்பிழையே கிடையாதா?

பட்டனை அழுத்தும் நொடியில் தாடைகள் எப்படி இருந்தனவோ அதையே கருவி சுழி என்று ஏற்றுக்கொள்ளும். நடுவே ஒரு துகள் இருக்கும்போது அழுத்தி, பிறகு அந்தத் துகள் விழுந்துவிட்டால் அன்று முழுக்க எல்லா அளவும் குறைவாகவே வரும். கோடு போட்ட வெர்னியரில் பிழை கண்ணுக்குத் தெரியும், இதில் 0.00 என்று பளிச்சென்று காட்டிக்கொண்டிருக்கும். துடைத்துவிட்டு, மூடி, அழுத்தி, திறந்து, மறுபடி மூடிப் பாருங்கள். மீண்டும் 0.00 வந்தால் வேலையைத் தொடங்கலாம்.

திருத்தம் பண்ணியாச்சு. இனி அளவு நூறு சதவீதம் சரிதானே?

சுழிப்பிழை மட்டும் போயிருக்கிறது. மூடிய தாடைகளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நடுவில் ஒளிக்கீற்று தெரிந்தால் தாடை நடுவே குழிந்து தேய்ந்திருக்கிறது, ஓரங்கள் மட்டும் தொடுகின்றன. அப்போது சுழி கச்சிதமாக ஒன்றும். ஆனால் ஒரு மெல்லிய கம்பியை அந்தக் குழியில் வைத்து அளந்தால் அளவு குறையும். எந்தத் திருத்தமும் இதைப் பிடிக்காது.

அழுத்தமும் ஒரு விஷயம். வெர்னியரில் அளக்கும் பொருள் ஒரு கோட்டிலும் அளவுகோல் இன்னொரு கோட்டிலும் இருக்கின்றன. இரண்டும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும் என்று ஜெர்மன் இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் அபே 1890-லேயே சொல்லிவிட்டார். வெர்னியர் அமைப்பு அதற்கு உட்படாதது. அதனால் அழுத்திப் பிடித்தால் நகரும் தாடை சற்றுச் சாய்கிறது. முனையில் பொருளை வைத்தால் இந்தச் சாய்வு அதிகம் காட்டும். பொருளைக் கோலுக்கு அருகே, தாடையின் உட்பக்கம் வையுங்கள். சுழி பார்க்கும்போது எவ்வளவு அழுத்தினீர்களோ அதே அழுத்தத்தில் அளவும் எடுங்கள்.

வெயிலில் கிடந்த கருவியைப் பற்றியும் கேட்கிறார்கள். சூட்டில் எஃகுக் கோல் நீளும், ஆனால் சுழிப்பிழை அநேகமாக மாறாது. மூடிய நிலையில் நீள்வதற்கு இடையில் நீளமே இல்லையே! அது தூரம் கூடக் கூட வளரும் பிழை. சுழியில் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, ஸ்லிப் கேஜ் (நீளம் துல்லியமாகத் தெரிந்த கட்டை) வைத்து இரண்டு மூன்று நீளங்களில் சோதிக்க வேண்டும்.

பைப்போட தடிமனுக்கு வெளி விட்டத்திலிருந்து உள் விட்டத்தைக் கழிக்கிறோம். கழிக்கும்போது சுழிப்பிழை தானா அடிபட்டுப் போயிடும்தானே?

பாதி சரி. பிழை எங்கிருந்து வந்தது என்பதைப் பொறுத்தது. வெர்னியர் தகடே கொஞ்சம் நகர்ந்து பொருத்தப்பட்டிருந்தால், வெளித் தாடைக்கும் உள் தாடைக்கும் ஒரே பிழை. கழித்தால் அடிபட்டுவிடும்.

தேய்ந்தது வெளித் தாடை மட்டும் என்றால் கதை வேறு. மேலே உள்ள சின்னத் தாடைகள், அதாவது உள் தாடைகள், தேயவில்லை, அவற்றுக்கு அந்தப் பிழை இல்லை. வெளித் தாடையில் பிழை −0.02 செ.மீ. என்று வையுங்கள். திருத்தாமல் விட்டால் வெளி விட்டம் 0.02 குறையும், தடிமன் அதில் பாதி, 0.01 குறையும். இரண்டு விட்டத்துக்கும் +0.02 திருத்தம் போட்டால் வெளி விட்டம் சரியாகும், உள் விட்டம் அநாவசியமாக 0.02 கூடும், தடிமன் மறுபடியும் அதே 0.01 குறையும். வெளி விட்டத்தை மட்டும் திருத்தினால்தான் சரியான விடை.

உள் தாடையின் பிழையைத் தெரிந்துகொள்ள, நல்ல கருவி ஒன்றின் வெளித் தாடைகளைச் சரியாக 2 செ.மீ. திறந்து திருகால் பூட்டி, அந்த இடைவெளியை உங்கள் கருவியின் உள் தாடைகளால் அளந்து பாருங்கள். ஆழம் அளக்கும் தண்டுக்கும் இப்படித் தனிச் சோதனை வேண்டும். கோலின் அடிமுனையைக் கண்ணாடித் தகட்டில் செங்குத்தாக நிறுத்தி, தண்டு தகட்டைத் தொடும்வரை இறக்கி, அளவைப் படியுங்கள்.

திருகு அளவிக்கும் இதே கணக்குதானா?

கருத்து ஒன்றே, பார்க்கும் இடம் வேறு. மூடியதும் தலைக்கோலின் (சுழலும் தலையைச் சுற்றிப் பொறித்த கோல்) சுழி, புரிக்கோலின் (நீளவாக்கில் உள்ள நகராத கோல்) கிடைக்கோட்டுக்குக் கீழே நின்றால் நேர்ப்பிழை, மேலே போயிருந்தால் எதிர்ப்பிழை. 100 பிரிவு, 0.01 மி.மீ. மீச்சிற்றளவு உள்ள கருவியில் சுழி மேலே போய் 96-வது பிரிவு கோட்டுடன் ஒன்றினால், −1 + 0.96 = −0.04 மி.மீ. தெரிந்த முகம்தானே?

10 வெர்னியர் பிரிவு 11 மி.மீ.க்குச் சமம்னு ஒரு கணக்கு வந்துச்சு. பத்திலிருந்து கழிச்சா விடை தப்பா வருது.

அந்த வெர்னியரில் ஒரு பிரிவு 1.1 மி.மீ., முதன்மைக் கோலின் பிரிவைவிடப் பெரியது. அதனால் விதி அப்படியே தலைகீழாகும். சுழி இடப்பக்கம் 0.3 மி.மீ. தள்ளியிருந்தால் ஒன்றுவது 3-வது கோடு, வலப்பக்கம் 0.3 தள்ளியிருந்தால் 7-வது கோடு. மனப்பாட விதி இங்கே கவிழ்த்துவிடும்.

எதிர்ச் சுழிப்பிழைக் கேள்வியில் சொன்ன பொது வழியைப் போடுங்கள். 3-வது கோடு முதன்மைக் கோலின் 3 மி.மீ. உடன் ஒன்றுகிறது: 3 − 3 × 1.1 = −0.3. 7-வது கோடு 8 மி.மீ. உடன் ஒன்றுகிறது: 8 − 7.7 = +0.3. இதே வழி, 20 பிரிவுகள் 16 மி.மீ.க்குச் சமம் என்று வரும் கணக்குக்கும் செல்லும். அதில் ஒரு பிரிவு 0.8 மி.மீ., மீச்சிற்றளவு 0.2 மி.மீ. (1-ஐ 20-ஆல் வகுத்து 0.05 என்று எழுதுபவர்கள்தான் அதிகம்.) அங்கே ஐந்து கோட்டுக்கு ஒரு கோடு ஒன்றும். எதை எடுத்துக் கணக்குப் போட்டாலும் விடை மாறாது, அதனால் முதலில் கண்ணில் படுவதை எடுத்துக்கொள்ளலாம்.